லூகாஸ் 25டி4க்கு இக்னைட்டர் கிட்: உப்புக்காற்றில் ஓடும் மைனருக்குச் சரிவருமா?

லூகாஸ் 25டி4 டிஸ்ரிபியூட்டருக்குள் (பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிடும் பகுதி) இருக்கும் பொயின்ற்றையும் (கொயிலின் மின்னோட்டத்தை வெட்டும் சுவிட்ச்) அதோடு வேலை செய்யும் கொன்டென்சரையும் கழற்றிவிட்டு அந்த இடத்தில் பேர்ட்ரோனிக்ஸ் இக்னைட்டர் கிட்டைப் பூட்டலாமா? மொரிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ40, மினி வைத்திருப்பவர்கள் மட்டக்களப்பிலும் கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கத்திலும் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பூட்டலாம், நல்ல சாமான். ஆனால் செலவழிக்கிற முதல் காசு கிட்டுக்குப் போகக்கூடாது, டிஸ்ரிபியூட்டரின் உடம்புக்குப் போகவேண்டும். ஷாஃப்ட் ஆடுகிற, வெக்கியூம் ஓட்டையான டிஸ்ரிபியூட்டருக்குள் கிட்டை வைத்தால் காசும் போகும், கோளாறும் அப்படியே இருக்கும்.

கிட் சின்னதுதான். பொயின்ற் உட்காரும் தட்டில் பூட்டுகிற ஒரு கறுப்புப் பெட்டி, கேமின் மேல் ஏறுகிற ஒரு காந்த வளையம், இரண்டு வயர். நாலு சிலிண்டர் இஞ்சினுக்கு வளையத்துக்குள் நாலு காந்தம் இருக்கும். ஒவ்வொரு காந்தமும் பெட்டிக்கு முன்னால் வரும்போது உள்ளே இருக்கும் ஹோல் சென்சர் அதை உணர்ந்து கொயிலின் (பொறிக்கான உயர் வோல்ற்றைத் தரும் சுருள்) மின்னோட்டத்தை வெட்டும், வெட்டும் அந்தக் கணத்தில்தான் பிளக்கில் பொறி விழும். உரசுகிற பகுதி ஒன்றுமே இல்லை. டிஸ்ரிபியூட்டரின் கெப்பை (மூடியை) மூடிவிட்டால் வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இரண்டு வயர் தவிர வித்தியாசம் தெரியாது. காரின் பழைய தோற்றத்தைக் காப்பாற்ற நினைப்பவர்களுக்கு இது பெரிய விஷயம்.

எங்கள் பக்கத்தில் இதற்குத் தேவை கூடுதல். கல்லடி, காத்தான்குடி, களுவாஞ்சிகுடி, கல்முனை என்று ஏ4 வீதி முழுக்கக் கடலோடு ஒட்டியே போகிறது, மறுபக்கம் வாவி. ஒரு மாதம் ஓடாமல் நிற்கிற காரின் பொயின்ற் முகத்தில் மெல்லிய படலம் பிடித்துவிடும், திறப்பைத் திருகினால் ஸ்ரார்ட்டர் சுற்றும், பொறி வராது. "தம்பி, பொயின்ற்றைக் கொஞ்சம் உரசி விடுங்க, எடுக்கும்" என்று பாஸ்மார் (கராஜ் மெக்கானிக்குகள்) சொல்வது இதைத்தான். வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் வயல் வெட்டுக் காலத்துத் தூசி வேறு. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் அந்தத் தூசி கெப்புக்குள்ளும் போய் கேமில் பூசிய கிரீஸோடு சேர்ந்து அரைக்கும். பொயின்ற்றின் கால் தேயத் தேய இடைவெளி சுருங்கும், இடைவெளி சுருங்கினால் டைமிங் (பொறி விழும் நேரம்) பின்னால் போகும், இழுவை குறையும், இஞ்சின் சூடேறும். இவ்வளவும் மெதுவாக நடப்பதால் ஓட்டுகிறவருக்குத் தெரியாது.

உண்மையில் பொயின்ற்றை விட கொன்டென்சர்தான் இப்போது கூடுதலாக ஏமாற்றுகிறது. அதன் அளவு ஏறத்தாழ 0.2 மைக்ரோபரட். பெட்டியில் புதிதாக வருவதிலும் தரம் கெட்டவை நிறைய. குளிரில் நன்றாக ஓடி, சூடேறியதும் மிஸ் அடித்து, நின்று ஆறினால் திரும்பவும் எடுக்கிற கார் என்றால் முதலில் அதைச் சந்தேகிக்கவேண்டும். பொயின்ற் முகம் நீலம் பாய்ந்து கருகியிருந்தாலும் அதே கதைதான். இக்னைட்டர் பூட்டினால் இந்தத் துண்டே காரில் இருக்காது. இந்த ஒரு காரணத்துக்காகவே கிட்டுக்குக் காசு கொடுக்கலாம்.

கிட் வாங்குமுன் டிஸ்ரிபியூட்டரைப் பாருங்கள். கெப்பைக் கழற்றி, உள்ளே ஷாஃப்ட்டின் தலையில் சுற்றும் ரோட்டரைப் பிடித்துப் பக்கவாட்டில் தள்ளிப் பார்க்கவும். கையில் ஒரு தட்டல் தெரிந்தால் புஷ் (ஷாஃப்ட்டைத் தாங்கும் குழல்) தேய்ந்திருக்கிறது. இன்னும் சரியாகப் பார்க்க, பொயின்ற் இருக்கும்போதே ஃபீலர் கேஜ் வைத்து நாலு கேம் மூலையிலும் இடைவெளியை அளக்கவும். ஒரு மூலையில் 0.015 அங்குலமும் அடுத்ததில் 0.011 உம் வந்தால் கேமோ ஷாஃப்ட்டோ கெட்டிருக்கிறது. ஹோல் சென்சர் இந்த ஆட்டத்தைப் பொயின்ற்றை விடப் பொறுத்துக்கொள்ளும், அது உண்மை. ஆனால் ஆட்டம் கூடினால் காந்த வளையம் பெட்டியில் உரசும். உரசிய பெட்டிக்குப் பிறகு மருந்தில்லை.

புஷ் மாற்றுவது பெரிய வேலையல்ல. எண்ணெய் உறிஞ்சும் வெண்கல புஷ்தான் தேவை. பூட்டுமுன் 24 மணித்தியாலம் இஞ்சின் ஒயிலில் ஊறப்போடவேண்டும். லேத் பட்டறையில் கடைந்து எடுப்பதென்றால் பொஸ்பர் வெண்கலம் கேளுங்கள், சாதாரணப் பித்தளை வேண்டாம், அது சீக்கிரம் தேயும். ஷாஃப்ட்டைக் கழற்ற அடியில் இருக்கும் நாய்க்கட்டையின் (இஞ்சினோடு கொளுவும் டிரைவ் டோக்) பின்னைத் தட்டி எடுப்பார்கள். கழற்றுமுன் ரோட்டரின் வெட்டு எந்தப் பக்கம், கட்டையின் நாக்கு எந்தப் பக்கம் என்று கட்டாயம் குறித்துவைக்கவேண்டும். நாக்கு நடுவில் இல்லை, ஒரு பக்கம் ஒதுங்கி இருக்கும், அதனால் டிஸ்ரிபியூட்டர் இஞ்சினுக்குள் ஒரே விதமாகத்தான் இறங்கும். கட்டையைத் திருப்பிப் பூட்டிவிட்டால் பொறி 180 பாகை மாறி விழும், காபரேட்டரால் வெடித்து இருமும். பிறகு பிளக் வயர்களை மாற்றி மாற்றிப் பூட்டி அலைய வேண்டிவரும்.

தட்டுக்குக் கீழே இருக்கும் எடைகளையும் ஸ்பிரிங்குகளையும் பார்க்காமல் விடாதீர்கள். ரோட்டரை அது சுற்றும் திசையில், மைனரிலும் மினியிலும் மேலிருந்து பார்க்க மணிக்கூட்டுக்கு எதிர்த்திசையில், கையால் திருகி விட்டால் தானாகத் திரும்பி வரவேண்டும். துருப்பிடித்து ஒட்டியிருந்தால் வராது. இரண்டு ஸ்பிரிங்கில் ஒன்று தளர்வாகத் தொங்கும். அது கெட்டதல்ல, அப்படித்தான் செய்திருக்கிறார்கள். முதல் ஸ்பிரிங் குறைந்த வேகத்துக்கு, இரண்டாவது இஞ்சின் வேகம் ஏறியபிறகு பிடிக்கும். அதை வளைத்து இறுக்கிவிட்ட டிஸ்ரிபியூட்டர்கள் நிறையக் கண்ணில் படுகின்றன. அப்படிச் செய்தால் அட்வான்ஸ் (வேகம் ஏற ஏறப் பொறி முன்னுக்கு விழுவது) ஏறவேண்டிய அளவுக்கு ஏறாது, வேகத்தில் கார் சோர்ந்துபோகும்.

வெக்கியூம் குழாயைக் காபரேட்டர் பக்கம் கழற்றி வாயால் உறிஞ்சி, நாக்கால் அடைத்துப் பிடிக்கவும். உள்ளே தட்டு நகர்ந்து, விடும்வரை அப்படியே நிற்கவேண்டும். மெல்லத் திரும்பினால் சவ்வு ஓட்டை. ஓட்டுவதில் இழப்பு பெரிதாகத் தெரியாது, பெற்றோல் செலவில் தெரியும்.

தட்டையும் உடம்பையும் இணைக்கிற சின்ன ஏர்த் வயர் ஒன்று உண்டு, துணி சுற்றியது. வெக்கியூம் தட்டை ஆட்டும் ஒவ்வொரு முறையும் அது வளையும், ஆண்டுக்கணக்கில் வளைந்து உள்ளுக்குள் அறுந்துபோகும், வெளியே துணி முழுசாக இருக்கும். பொயின்ற் காலத்தில் அரைகுறை ஏர்த்தில் கார் எப்படியோ ஓடும். இக்னைட்டர் பெட்டி தட்டின் வழியாகத்தான் ஏர்த் எடுக்கிறது, அரைகுறை அதற்குப் பிடிக்காது. மல்டிமீற்றரின் ஒரு முனையைத் தட்டிலும் மறுமுனையைப் பற்றரியின் ஏர்த் தலையிலும் வைத்து, தட்டைக் கையால் ஆட்டிக்கொண்டே பாருங்கள். எண் குதித்தால் வயரை மாற்றவும். மெல்லிய பல இழை வயராக இருக்கவேண்டும், தடித்தது தட்டின் ஆட்டத்தைத் தடுக்கும்.

அடுத்தது ரோட்டர். தலையில் பித்தளைத் தகட்டைக் குமிழாணி அடித்துப் பிடித்த மலிவு ரோட்டர்களை வாங்கவேண்டாம். ஆணியின் அடி ஷாஃப்ட்டுக்குக் கிட்ட வந்துவிடும், நடுவில் இருக்கும் மெல்லிய பிளாஸ்டிக்கைத் துளைத்துக்கொண்டு பொறி நேரே ஷாஃப்ட்டுக்குப் பாயும். குமிழாணி இல்லாமல் வார்த்த சிவப்பு ரோட்டர் வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை. சந்தேகம் வந்தால் சோதிப்பது சுலபம்: கெப்பைக் கழற்றி, கொயிலிலிருந்து வரும் தடித்த வயரின் முனையை இறப்பர் பிடி போட்ட குறட்டால் பிடித்து ரோட்டரின் நடுத்தகட்டுக்கு 5, 6 மில்லிமீற்றர் மேலே வைத்து, ஒருவர் ஸ்ரார்ட்டர் அடிக்கட்டும். தகட்டுக்குப் பொறி பாய்ந்துகொண்டே இருந்தால் ரோட்டர் கசிகிறது, தூக்கி எறியவேண்டியதுதான். கெப்பில் நடுக் காபன் முனை ஸ்பிரிங்கோடு உள்ளே போய் வெளியே வரவேண்டும். சுவரில் பென்சில் கோடு போல மெல்லிய கறுப்புக்கோடு இருந்தால் அது வெடிப்பு, மாரிக்காலத்துக் காலைகளில் அந்தக் கோட்டின் வழியாகத்தான் பொறி ஓடும். இக்னைட்டர் இந்தக் கோளாறுகளில் ஒன்றையும் தீர்க்காது. மழை நனைத்து நிற்கிற கார் கிட் பூட்டிய பிறகும் மழை நனைத்தால் நிற்கும். மினிக்கு இது இன்னும் மோசம், அதன் டிஸ்ரிபியூட்டர் கிரில்லுக்கு நேரே பின்னால் இருக்கிறது, முன்னால் போகும் பஸ் அடிக்கும் தண்ணீர் முழுக்க அதன் முகத்தில்தான். இறப்பர் உறை போட்டே ஆகவேண்டும். மைனரில் இஞ்சினின் வலப்பக்கத்தில் ஒதுங்கி இருப்பதால் ஓரளவு தப்பும்.

பிளக் வயரில் ஒரு சிக்கல் இருக்கிறது, கிட் விற்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை. பக்கவாட்டில் வயர் நுழையும் பழைய 25டி4 கெப்பில், உள்ளிருந்து ஒரு கூர் ஸ்குரூ வயரைக் குத்திப் பிடிக்கும். செம்பு வயருக்குத்தான் அது சரி. காபன் நூல் வயரில் அந்தக் குத்து உறுதியாகப் படாது. மறுபக்கம், வெறும் செம்பு வயரோடு இக்னைட்டரை ஓட்டவேண்டாம் என்று கிட் செய்பவர்களே சொல்கிறார்கள், அதிலிருந்து கிளம்பும் மின்னிரைச்சல் பெட்டியைக் குழப்பும். நேரான தீர்வு, மேலிருந்து வயர் இறங்கும் கெப் வாங்கி, காபன் கலந்த சிலிக்கன் வயர் போடுவது. 25டி4க்கு அப்படிக் கெப் கிடைக்கிறது. அது வரும்வரை, பழைய கெப்பும் செம்பு வயரும் இருந்தபடியே, என்ஜிகே பிபி6ஈஎஸ்க்குப் பதிலாக உள்ளே தடை வைத்த பிபிஆர்6ஈஎஸ் பிளக் போட்டுச் சமாளிக்கலாம். பிளக் இடைவெளி 0.025 அங்குலம். கிட் பூட்டினால் கூட்டிவிடலாம் என்று சிலர் 0.035 வரை போகிறார்கள். சாதாரணக் கொயிலோடு அது வீண்வேலை, ரோட்டருக்கும் கெப்புக்கும்தான் சுமை.

இனி ஏர்த். இந்த இடத்தில்தான் கூடுதலான கிட்கள் முதல் நாளே செத்துப்போகின்றன. மொரிஸ் மைனர் தொழிற்சாலையிலிருந்து பொசிட்டிவ் ஏர்த்தாக வந்த கார். இலங்கையில் ஓடுகிறவற்றில் பல இடையில் யாரோ நெகட்டிவ் ஏர்த்துக்கு மாற்றியவை, சில மாற்றாதவை. பார்த்தால் தெரியாது, பற்றரியின் எந்தத் தலை உடம்போடு இணைந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்து உறுதிசெய்யவேண்டும். பேர்ட்ரோனிக்ஸ் இரண்டுக்கும் தனித்தனி கிட் செய்கிறது. ஒன்றை மற்றதில் பூட்டித் திறப்பைப் போட்டால் அந்த நொடியிலேயே முடிந்தது.

மாற்றாத காரை நெகட்டிவ் ஏர்த்துக்கு மாற்றிவிட்டே கிட் பூட்டுவதுதான் நல்லது. சார்ஜர், எல்ஈடி, ரேடியோ எல்லாவற்றுக்கும் பிறகு வசதி. பற்றரியைத் திருப்பி வைத்ததும் டைனமோவுக்குப் புதிய திசையைப் பழக்கவேண்டும்: டைனமோவின் எஃப் தலையில் இருக்கும் வயரைக் கழற்றி ஒதுக்கிவிட்டு, பற்றரியின் உயிர்த்தலையிலிருந்து (ஏர்த் ஆகாத தலை) ஒரு வயர் எடுத்து அந்த எஃப் தலையில் சில தடவை தொட்டுத் தொட்டு எடுக்கவும், சின்னப் பொறி விழும். எஃப் வயரைக் கழற்றாமல் செய்தால் கட்டுப்பாட்டுப் பெட்டியின் முனைகள் கருகும். வைப்பர் மோட்டர் எந்தப் பக்கமானாலும் அதே திசையில்தான் சுற்றும், பயமில்லை. எஸ்யூ பெற்றோல் பம்ப்பின் மூடிக்குள் டயோட் வைத்த வகை இருந்தால் அது ஏர்த் பார்க்கும், அதைச் சரிபார்க்கவும். அம்பியர் மீற்றர் இருந்தால் வயர்களை மாற்றவும். கொயிலின் வயர்களையும் மாற்றவேண்டும். எஸ்டபிள்யூ, சிபி என்று எழுதிய பழைய லூகாஸ் கொயில் பொசிட்டிவ் ஏர்த்துக்குச் செய்தது. நெகட்டிவ் ஏர்த்தில் சிபி தலைக்குத் திறப்பு வயரும், எஸ்டபிள்யூ தலைக்கு டிஸ்ரிபியூட்டர் வயரும் போகும். மாற்றாவிட்டாலும் ஓடும், ஆனால் பிளக்கில் பொறி தலைகீழாகப் பாய்வதால் கூடுதல் வோல்ற் தேவைப்பட்டு, சுமையில் மிஸ் அடிக்கும்.

கொயிலின் தடையை அளக்காமல் கிட்டைத் தொடவே கூடாது. நாலு சிலிண்டர் இக்னைட்டருக்குக் கொயிலின் முதற்சுற்று 3 ஓமுக்குக் குறையக்கூடாது. இரண்டு சின்னத் தலைகளுக்கும் இடையில் மீற்றரை வைத்து அளக்கவும், மீற்றரின் முனைகளை ஒன்றோடொன்று தொட்டு வரும் எண்ணைக் கழிக்கவும். பின்னாளைய ஜப்பான் கார்களிலிருந்து கழற்றிய 1.5 ஓம் கொயில்கள் எங்கள் பக்கத்து மைனர்களில் அடிக்கடி இருக்கும், அவை வெளியே ஒரு தடைக்கட்டையோடு ஓடவேண்டியவை. 3 ஓமில் 4 அம்பியர் ஓடும் இடத்தில் 1.5 ஓமில் 8 அம்பியர் ஓடும், பெட்டி அதைத் தாங்காது. இக்னைட்டர் 2 என்ற அடுத்த வகை 0.6 ஓம் வரை தாங்கும், மின்னோட்டத்தைத் தானே அளந்து கட்டுப்படுத்தும். விலை கூட. சாதாரண 3 ஓம் கொயிலோடு ஓடும் மைனருக்கு முதல் வகையே போதும்.

பிறகு வோல்ற். திறப்பைப் போட்டு, கொயிலின் பொசிட்டிவ் தலையில் வருவதையும் பற்றரியில் இருப்பதையும் ஒப்பிடவும். அரை வோல்ற்றுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் திறப்புச் சுவிட்சிலோ வயர்த் தலைகளிலோ பச்சை பூத்திருக்கிறது. கடற்கரைக் கார்களில் இது எப்போதும் இருக்கும். ஸ்ரார்ட்டர் அடிக்கும்போதும் அளக்கவும். பொயின்ற் எவ்வளவு குறைந்த வோல்ற்றிலும் திறந்து மூடும், ஹோல் சென்சர் அப்படியில்லை. 9 வோல்ற்றுக்குக் கீழே போனால் ஸ்ரார்ட்டர் சுற்றும், கார் எடுக்காது, பழி கிட்டின் தலையில் விழும். பற்றரியின் தடித்த ஏர்த் வயரையும் இஞ்சினுக்கும் உடம்புக்கும் இடையிலான ஏர்த் பட்டியையும் கழற்றி, உரசி, வாஸ்லின் பூசிப் பூட்டினால் பாதிப் பிரச்சினை தீரும். எதிர்ப்பக்கமும் உண்டு. டைனமோவின் சார்ஜைக் கட்டுப்படுத்தும் ஆர்பி106 பெட்டியின் முனைகள் ஒட்டி, சார்ஜ் 15 வோல்ற்றைத் தாண்டினால் இக்னைட்டர் பெட்டி கருகும். கிட்டுக்கு முன் அதைச் சரிசெய்யவும்.

பூட்டுவது ஆறுதலாகச் செய்தால் ஒரு மணித்தியால வேலை. பற்றரித் தலையைக் கழற்றி, முதல் சிலிண்டரை மேல்நிலைக்குக் கொண்டுவந்து, ரோட்டர் எங்கே பார்க்கிறது என்று உடம்பில் கோடு போடவும். பொயின்ற், கொன்டென்சர், பக்கவாட்டு வயர்த்தலை மூன்றையும் கழற்றித் தட்டைத் துடைக்கவும். கேமின் நடு ஸ்குரூவில் இரண்டு துளி ஒயில் விடவும், எடைகளுக்கு ஒரு துளி. பெட்டியைத் தட்டில் வைத்து ஸ்குரூவை முழுதாக இறுக்காமல் விட்டு, காந்த வளையத்தைக் கேமின் மேல் அழுத்தி உட்காரவைக்கவும். சதுரத்தில் சரியாக விழுந்தால் அசையாமல் நிற்கும். வளையத்துக்கும் பெட்டிக்கும் இடையில் கிட்டோடு வரும் பிளாஸ்டிக் தகட்டை வைத்து இடைவெளி எடுத்து ஸ்குரூவை இறுக்கவும், பிறகு இஞ்சினைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி எங்கும் உரசவில்லை என்று பார்க்கவும். ரோட்டர் கடைசிவரை இறங்கியதா என்பதைக் கவனிக்கவும். வளையம் முழுதாக உட்காராவிட்டால் ரோட்டர் உயர்ந்து நின்று கெப்பின் காபன் முனையை நசுக்கும், அல்லது கெப்பையே உடைக்கும்.

வயர் இரண்டும் பழைய வயர்த்தலை இருந்த துளையால் இறப்பரோடு வெளியே வரும். உள்ளே கொஞ்சம் தளர்வு விடவேண்டும், வெக்கியூம் தட்டு ஆடும்போது இழுபடக்கூடாது, தளர்வு கூடி வளையத்திலும் படக்கூடாது. நெகட்டிவ் ஏர்த் கிட்டில் சிவப்பு கொயிலின் பொசிட்டிவ்வுக்கு, கறுப்பு நெகட்டிவ்வுக்கு. பொசிட்டிவ் ஏர்த் கிட்டின் வயர் முறை வேறு, அதோடு வரும் தாளைப் பார்த்தே இணைக்கவும்.

டைமிங் கட்டாயம் மாறியிருக்கும். பொயின்ற் திறக்கும் இடமும் காந்தம் வெட்டும் இடமும் ஒன்றல்ல, அதனால் டைமிங் லைட் இல்லாமல் இந்த வேலையை முடிக்கமுடியாது. வெக்கியூம் குழாயைக் கழற்றி அடைத்து, சும்மா ஓடவிட்டு, முதல் பிளக் வயரில் லைட்டை மாட்டவும். மைனரில் குறிமுட்கள் கிராங்க் புலிக்கு (பெல்ட் ஓடும் கப்பி) அடியில், டைமிங் மூடியில் இருக்கின்றன. நீளமான முள் மேல்நிலை, மற்ற இரண்டும் 5, 10 பாகை. புலியின் வெட்டில் வெள்ளைப் பெயின்ற் தொட்டால் பகலிலும் தெரியும். உங்கள் இஞ்சினுக்குக் கைநூலில் உள்ள எண்ணுக்கு வைக்கவும். வெளிச்சத்தில் குறி ஆடாமல் நின்றால் புஷ் நல்லது. கிளாம்ப் நட்டை அளவோடு இறுக்கவும், முறுக்கினால் கிளாம்ப் வளைந்து உடம்பைப் பிடிக்காமல் போகும். கடைசி நுணுக்கத்துக்கு வெக்கியூம் பக்கம் இருக்கும் சொரசொரப்பான நட்டைத் திருகலாம், 11 கிளிக் ஒரு பாகை. பிற்கால 45டி4இல் அந்த நட்டு இல்லை.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். எங்கள் நிலம் சமதரை. காதால் கேட்டு முன்னுக்குத் தள்ளி வைத்த டைமிங் மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் வரைக்கும் ஒரு குறையும் காட்டாது, கார் துள்ளும். அதே கார் செங்கலடியிலிருந்து ஏ5 வீதியால் மகாஓயா, பிபிலை தாண்டி லுணுகலை ஏற்றத்தில் நாலு பேரோடு ஏறும்போதுதான் 92 ஒக்டேனில் கலகலவென்று தட்டும். அந்தத் தட்டல் பிஸ்டனை உடைக்கும். மலைக்குப் போகிற கார் என்றால் ஊரிலேயே ஆட்களை ஏற்றி, டொப் கியரில் மெதுவாகப் போய் அக்சிலேற்றரை முழுதாக மிதித்துப் பார்க்கவும். தட்டினால் இரண்டு பாகை பின்னுக்கு எடுக்கவும்.

இவ்வளவும் சரியாக அமைந்த மைனரில் கிடைப்பது என்ன? சூட்டிலும் குளிரிலும் ஒரே மாதிரி எடுக்கும், சும்மா ஓடும்போது நடுக்கம் குறையும், பொயின்ற்றுக்காக மறுபடி கெப் திறக்கத் தேவையில்லை. ஒரு முறை வைத்த டைமிங் அப்படியே நிற்கும். வேகமோ இழுவையோ கூடாது. கூடியதாகத் தெரிந்தால், முன்பு பொயின்ற் தேய்ந்து போயிருந்தது என்றுதான் பொருள். புதிய நல்ல பொயின்ற் சரியாக வைத்த காரும் அதே அளவுதான் இழுக்கும்.

கிட்டைக் கொல்வது பெரும்பாலும் பழக்கங்கள். இஞ்சினை நிறுத்திவிட்டுத் திறப்பைப் போட்டபடியே பாட்டுக் கேட்பது முதலாவது. பெட்டி கொயிலுக்கு மின்னோட்டத்தைத் திறந்துவிட்டபடி நின்றால் இரண்டும் சேர்ந்து வெந்துபோகும். திறப்பைப் போட்டபடி வேறு வேலைகள் செய்யும்போது கொயில் வயரைக் கழற்றிவிடவும். டைனமோ சார்ஜ் பண்ணுகிறதா என்று பார்க்க ஓடும் காரின் பற்றரித் தலையைக் கழற்றும் பழக்கம் இரண்டாவது, பல கராஜ்களில் இன்னும் இருக்கிறது. அந்த நொடியில் எழும்பும் வோல்ற்றில் பெட்டி போய்விடும். காரை விடும்போதே பாஸிடம் சொல்லிவிடுங்கள். உடம்பில் வெல்டிங் செய்யுமுன் பற்றரியையும் கிட்டின் இரண்டு வயரையும் கழற்றவேண்டும்.

இதன் உண்மையான பலவீனம் ஒன்றுதான். பொயின்ற் சாகுமுன் இருமும், மிஸ் அடிக்கும், வீடு வரை கொண்டுவந்து சேர்க்கும். பெட்டி முன்னறிவிப்பு இல்லாமல் நிற்கும், அதற்கு மாற்று அம்பாறையிலும் கிடைக்காது, மட்டக்களப்பிலும் கிடைக்காது. அதனால் கழற்றிய பொயின்ற்றையும் கொன்டென்சரையும் எறியாதீர்கள். இன்னொரு பழைய 25டி4 தட்டு கிடைத்தால் அதில் இரண்டையும் பூட்டி, இடைவெளி 0.015 அங்குலத்துக்கு வைத்து, பிளாஸ்டிக் பையில் போட்டு டாஷ்போர்டுக்குள் வையுங்கள். ஒரு 12 வோல்ற் சோதனை பல்ப்பும் கூடவே. வழியில் நின்றால் பல்ப்பின் ஒரு முனையை ஏர்த்திலும் மறுமுனையைக் கொயிலின் நெகட்டிவ்விலும் வைத்து ஸ்ரார்ட்டர் அடிக்கவும். மின்னி மின்னி எரிந்தால் பெட்டி நல்லது, கோளாறு ரோட்டர், கெப், வயர் பக்கம். மின்னாமல் நின்றால், கொயிலின் பொசிட்டிவ்வில் வோல்ற் வருகிறதா என்று பார்த்துவிட்டுத் தட்டை மாற்றவும். இரண்டு ஸ்குரூதான். டைமிங் சில பாகை தள்ளி இருக்கும், ஆனாலும் மெதுவாக ஓட்டி வீட்டுக்கு வரலாம்.

இந்தப் பலவீனம் பெரிதாகப் படுகிறவர்களுக்கு வேறு வழியும் உண்டு. பொயின்ற்றை அப்படியே வைத்து, கொயிலின் பெரிய மின்னோட்டத்தை மட்டும் வெளியே ஒரு டிரான்சிஸ்டர் பெட்டிக்கு மாற்றும் வகை. பொயின்ற்றில் சிறு மின்னோட்டமே ஓடுவதால் கருகாது, கொன்டென்சரின் வேலையும் குறையும், பெட்டி செத்தால் வயரை மாற்றிப் பழைய முறைக்கே திரும்பலாம். கால் தேய்வது மட்டும் நிற்காது. தூர ஓட்டம் அதிகமுள்ள, தானே கை வைக்கத் தெரிந்தவருக்கு எங்கள் பக்கத்தில் இதுவே இக்னைட்டரை விடப் பொருத்தம் என்பது எங்கள் கருத்து. லூமினிஷனின் ஒளிவகை கிட்டில் பெட்டி தனியே பல்க்ஹெட்டில் இருக்கும், டிஸ்ரிபியூட்டரின் சூடு அதைத் தொடாது, நல்ல அமைப்பு. ஒல்லாந்துத் தயாரிப்பான 123 என்பது முழு டிஸ்ரிபியூட்டரையே மாற்றுவது, அட்வான்ஸும் மின்னணுவில். பழைய உடம்பு திருத்தமுடியாத அளவுக்குப் போயிருந்தால் அதைப் பார்க்கலாம், ஆனால் விலை இக்னைட்டரைப் போலப் பல மடங்கு. மலிவாக வரும் முழு 45டி4 நகல்களில் அட்வான்ஸ் வளைவு எந்த இஞ்சினுக்கு என்றே தெரியாது, வேண்டாம்.

வாங்குவது கொழும்பு பஞ்சிகாவத்தையிலோ வெளிநாட்டிலிருந்து தருவித்தோதான். "மைனருக்கு ஒரு கிட்" என்று மட்டும் கேட்காதீர்கள். 948 சிசி மைனரில் டிஎம்2 இருக்கும், 1098 சிசியில் 25டி4, இடையில் யாரோ 45டி4 மாற்றியும் இருக்கலாம். மூன்றுக்கும் தட்டு வேறு. டிஸ்ரிபியூட்டர் உடம்பின் பக்கத்தைப் பெற்றோல் தொட்ட துணியால் துடைத்தால் வகையும் ஐந்து இலக்க எண்ணும் குத்தியிருப்பது தெரியும். அந்த எண், பற்றரியின் எந்தத் தலை ஏர்த், கொயிலின் ஓம் அளவு, கெப்பில் வயர் மேலாலா பக்கத்தாலா என்ற நாலையும் எழுதி, கெப் கழற்றிய நிலையில் ஒரு படமும் எடுத்து அனுப்புங்கள். கூடவே சிவப்பு ரோட்டர் ஒன்றும் தட்டு ஏர்த் வயர் ஒன்றும் ஒரே பொதியில் வரவழையுங்கள்.